மத்தேரா: குகையும் குடியிருப்பும்

இத்தாலியில் பாரி என்று ஓர் ஊர் இருக்கிறது, விடுமுறைக்கு அங்கே போகிறோம் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “முல்லைக்கொடிக்குத் தேர் குடுத்தவன் ஊரா?” என்பதுதான்.

இல்லை. இந்தப் பாரி அட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகம். இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாக நினைத்துக்கொண்டால் குதிகாலுக்குச் சற்று மேலே வரும். 847 முதல் 871 வரை அரபு அமீரகம். அதன்பின் பைசாந்தியர்களின் தென்னித்தாலியத் தலைமையிடம். 1071ல் நார்மன்கள் பிடித்தார்கள். 1087ல் இந்த ஊர் மாலுமிகள் இன்றைய துருக்கியில் இருக்கும் மைராவுக்குப் போய், புனித நிக்கோலஸின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ‘எடுத்துக்கொண்டு’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. அந்த எலும்புகளின் மேல் கட்டிய பசிலிக்கா இன்றும் பழைய பாரியின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, மாவை உருட்டி, மழுங்கிய கத்தியால் ஒரு இழுப்பு இழுத்துச் சின்னக் காது வடிவில் பாஸ்தா செய்துகொண்டிருப்பார்கள். ஓரெக்கியெத்தே என்று பெயர். பெயருக்கே ‘குட்டிக் காது’ என்றுதான் அர்த்தம்.

ஆனால் இந்தக் கட்டுரை பாரியைப் பற்றியது அல்ல. பாரியிலிருந்து அப்பாவும் நானும் ஒரு சனிக்கிழமை மத்தேராவுக்குப் போய்வந்ததைப் பற்றியது. மியூனிக்கில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு அந்த ஊரின் மீது சில வருடங்களாகவே ஒரு பித்து. அப்பாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அம்மா முட்டிவலி என்று கடற்கரையில் பேத்தியோடு உட்கார்ந்துவிட்டதால் அவர் துணைக்கு வந்தார், அவ்வளவுதான். அவர் அரசாங்கத்தில் 33 வருடம் பொறியாளராக இருந்தவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் பாதிக்குமேல், ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி, அவர்களை அங்கே மாற்றுகிற வேலை. வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை.

மத்தேராவுக்கு இத்தாலிய அரசு ரயில்வேயின் பாதை வந்து சேரவே இல்லை. ஃபெர்ராந்தினாவிலிருந்து ஒரு பாதை தொடங்கி, பல பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே பாரியிலிருந்து போவது வேறொரு சிறு ரயில்வேயின் குறுகிய பாதையில். தண்டவாளங்களுக்கு இடையே 950 மில்லிமீட்டர்தான். “மீட்டர் கேஜை விட ரெண்டு இஞ்ச் ஒல்லி” என்று அப்பா உடனே கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இந்த ரயில் ஓடுகிறதா என்று போகிறவர்கள் முன்பே பார்த்துக்கொள்ளவும்.

பாரியைத் தாண்டியதும் ஆலிவ் தோப்புகள். அப்புறம் மெல்ல மேடேறி மூர்ஜா என்ற சுண்ணாம்புப் பாறைப் பீடபூமி. மரம் குறைந்து, காரை இல்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிய வேலிச்சுவர்கள். ஆறு என்று எதுவும் கண்ணில் படாது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை விரிசல்கள் வழியாக உள்ளே விழுங்கிவிடுகிறது. வழியில் ஆல்தமுராவில் வண்டி மாறினோம். அந்த ஊர் ரொட்டிக்குப் பேர்போனது. அதன் அருகே லாமலுங்கா என்ற குகையில் 1993ல் ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தார்கள். எலும்பின் மேல் கால்சைட் படிந்து, பொரி அப்பியதுபோல் பாறையோடு பாறையாக இருக்கிறான். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. அவன் குகையில் வாழ்ந்தவன் அல்ல, மேலே இருந்த துளைக்குள் தவறி விழுந்தவன் என்கிறார்கள். “குகைமனிதன்னு சொல்லாதே, பாவம்” என்றார் அப்பா.

மத்தேராவில் இறங்கினால் குகை எதுவும் தெரியாது. சாதாரண இத்தாலியச் சிற்றூர். ஐஸ்கிரீம் கடை, வங்கி, ஸ்கூட்டர்கள். பத்து நிமிடம் நடந்து வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் வளைவுகளுக்குப் போய் எட்டிப்பார்த்தால் கால் கூசும். கீழே ஒரு மலைச்சரிவு முழுக்க வீடு. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் தெரு. தெருவில் நடக்கும்போது முழங்கால் உயரத்தில் யார் வீட்டுப் புகைபோக்கியோ நிற்கும். சரிவுக்கு அப்பால் கிராவினா என்ற பள்ளத்தாக்கு. எதிர்ப்பக்கப் பாறையில் வெறும் துளைகள், கதவில்லாத குகைகள். நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைமுனையில் 13ம் நூற்றாண்டுப் பேராலயம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு கிண்ணங்கள் போல சாஸ்ஸோ கவேயோஸோ, சாஸ்ஸோ பாரிசானோ. சாஸ்ஸி என்றால் கற்கள்.

உலகத்திலேயே மூன்றாவது பழைய ஊர், ஒன்பதாயிரம் வருடங்களாகத் தொடர்ந்து மக்கள் வாழும் இடம் என்றெல்லாம் சுற்றுலாத் துண்டறிக்கைகள் ஒப்பிக்கும். நான் அதை அப்படியே நம்பமாட்டேன். எதிர்க்கரையில் மூர்ஜா திமோனே என்ற இடத்தில் அகழி வெட்டிச் சூழ்ந்த புதிய கற்காலக் கிராமம் இருந்தது உண்மை. தொமெனிக்கோ ரிதோலா என்ற மருத்துவர் அகழ்ந்து கண்டது. அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கிராமத்துக்கும் இந்தத் தெருக்களுக்கும் நடுவே யாரும் விளக்கு அணைக்காமல் காத்தார்கள் என்று சொல்ல, அதை விட நிறையச் சான்று வேண்டும். சரி, அது போகட்டும்.

பாறையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர்க்காரர்கள் துஃபோ என்பார்கள். ஆனால் எரிமலைக்கல் அல்ல; கடலடியில் சிப்பித்தூள் படிந்து இறுகிய கல்காரெனைட். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். ஆகவே உள்ளே குடைந்து எடுத்த கல்லையே செங்கல்போல் அறுத்து, வாசலுக்கு முன்னால் ஒரு வளைகூரை அறையாக எழுப்பிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீடு, உள்ளே போகப்போகக் குகை. அப்பா ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “தோண்டின மண்ணைக் கொட்ட லாரி வேணாம். தோண்டினதே சுவர்” என்றார். அவரிடமிருந்து வருகிற பெரிய பாராட்டு அது.

அடுத்துப் போன இடம்தான் எனக்கு முக்கியம். சதுக்கத்துக்கு நேர் கீழே இருக்கும் பலொம்பாரோ லுங்கோ. படியிறங்கினால் ஒரு பேராலயத்தின் உள்ளே நிற்பதுபோல் இருக்கும், ஆனால் அது தண்ணீர்த் தொட்டி. ஐம்பது லட்சம் லிட்டர் பிடிக்கும். பாறையில் ஏற்கெனவே இருந்த குடைவுகளை 16ம் நூற்றாண்டு முதல் கொஞ்சம் கொஞ்சமாக இணைத்துப் பெரிதாக்கி, 19ம் நூற்றாண்டில் இப்போதைய அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1920களில் குழாய்த் தண்ணீர் ஊருக்கு வந்ததும் மறந்துபோனார்கள். 1991ல் சதுக்கத்தைப் புதுப்பிக்கும்போதுதான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். ஐம்பது லட்சம் லிட்டர் தொட்டியை எழுபது வருடத்துக்குள் ஒரு ஊர் எப்படி மறக்கும் என்று யோசித்தேன். பிறகு, எங்கள் அலுவலகத்தில் ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய நிரல் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பது நினைவுக்கு வந்தது.

வழிகாட்டிப் பெண் சுவரைக் காட்டி ‘கொச்சோபெஸ்தோ’ என்றார். ஓடுகளையும் பானைகளையும் பொடித்துச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசிய பூச்சு, தண்ணீர் கசியாது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பா, “சுர்க்கிடா!” என்றார். குரல் அந்தக் குகையில் சுற்றி வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “முல்லைப் பெரியாறு அணை இதுலதான்டா நிக்குது. சுண்ணாம்பும் சுர்க்கியும். 1895.” அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குமேல் அப்பா என்னைவிட முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

இந்தப் பெரிய தொட்டி கடைசியில் வந்தது. அதற்கு முன்பே சாஸ்ஸியின் வீடுகளிலும் முற்றங்களிலும் மணி வடிவத்தில், வாய் குறுகி வயிறு பெருத்த தொட்டிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இங்கே பெய்கிற மழை சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரு சொட்டு கீழே ஓடவிடக்கூடாது. கூரையில் விழுவது சுவரில் பதித்த சுடுமண் குழாய் வழியாகத் தொட்டிக்கு. ஒன்று நிரம்பினால் வழிவது கீழ்வரிசைத் தொட்டிக்கு. கழிவு வேறு வழி. இரண்டு சாஸ்ஸியின் அடிவயிற்றிலும் இரண்டு ஓடைகள் இருந்தன, கிராபில்யோனி என்று பெயர். அவை கழிவையும் வண்டலையும் கொண்டுபோய்த் தோட்டப் படிகளுக்கு எருவாக்கின. பியெத்ரோ லாவுரேயானோ என்ற கட்டடக்கலைஞர், சகாராவின் பாலைவனச் சோலைகளை ஆராய்ந்தவர், மத்தேராவையும் அதே கண்ணோடு பார்த்தார். வறண்ட நிலத்தின் நீர் அறிவு என்றார். சில குகைகளைச் சரிவாகக் கீழ்நோக்கிக் குடைந்திருப்பதுகூடக் குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் கடைசிவரை உள்ளே வரவேண்டும் என்பதற்காக என்று எழுதினார். அவர் 1993ல் எழுதிய நூலின் பெயர் ‘கல் தோட்டங்கள்’. அதே வருடம் யுனெஸ்கோ மத்தேராவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்படியே விக்கோ சொலித்தாரியோவில் இருக்கும் ‘காசா குரோத்தா’வுக்குள் போனோம். 1950களின் நடுப்பகுதிவரை ஒரு குடும்பம் வாழ்ந்த குகைவீட்டை அன்றைய சாமான்களோடு அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். உயரமான கட்டில், அதில் சோளமட்டை அடைத்த மெத்தை. அடியில் கோழி அடையும். இழுப்பறைப் பெட்டியின் அடித்தட்டை இழுத்தால் கைக்குழந்தைக்குத் தூளி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. ஒரு தறி. ஆழத்தில், வெளிச்சம் தீர்ந்த இடத்தில், கழுதையின் தொழுவம். அதன் சூடுதான் குளிர்காலத்தில் வீட்டுக்கு அடுப்பு.

அப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கேட்டார்: “கக்கூஸ் எங்க?”

கட்டில் அருகே மூடி போட்ட ஒரு சுடுமண் பாத்திரத்தைக் காட்டினேன்.

“இதுவா? கழுதை, கோழி, ஏழெட்டு பேரு, இது?”

ஆமாம்.

“நீ இவ்வளவு நேரம் தொட்டியப் பத்தி மட்டும்தான் சொன்னே.”

அவர் சொன்னது சரி. இனி அந்தப் பகுதி.

தெளிவாகத் திட்டமிட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த நீரமைப்பு ஒரே நாளில் கெடவில்லை. 1663 முதல் மத்தேராதான் பசிலிக்காட்டா வட்டாரத்தின் தலைநகர். 1806ல் தலைநகர் பொத்தென்சாவுக்குப் போனது. வசதியானவர்கள் அதற்கு முன்பிருந்தே சரிவைவிட்டு மேலே சமதளத்தில் மாளிகை கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். 1861ல் இத்தாலி ஒன்றானபின் தேவாலய நிலங்களை அரசு எடுத்து ஏலம் விட்டது. அதைப் பணமுள்ளவர்கள் வாங்கினார்கள். விறகும் மேய்ச்சலும் கிடைத்துக்கொண்டிருந்த நிலம் குடியானவனுக்கு மூடிக்கொண்டது. இன்னொரு பக்கம் மக்கள்தொகை ஏறியது. போக வேறு இடமில்லை. தொழுவங்களில் குடியேறினார்கள். பாறைக் கோயில்களில் குடியேறினார்கள். கடைசியில் தொட்டிகளைக் காலி செய்து, பக்கவாட்டில் வாசல் வெட்டி, அதற்குள்ளும் குடியேறினார்கள். தண்ணீரைச் சேர்த்துவைத்த இடத்தில் மனிதர்கள். ஆகவே தண்ணீர் இல்லை. பாரத்தைத் தாங்கமுடியாத அமைப்பு தன் உறுப்புகளையே தின்று உயிர்வாழ ஆரம்பித்தது. 1930களில் பாசிச அரசு இரண்டு ஓடைகளையும் மூடித் தார்ச்சாலை போட்டது. கழிவு போக இருந்த வழியும் அடைந்தது.

அந்த 1930களில்தான் கார்லோ லெவி வருகிறார். தூரின் நகரத்து யூதர், மருத்துவம் படித்த ஓவியர், முசோலினியின் எதிரி. 1935ல் அவரை இந்த வட்டாரத்துக்கு நாடுகடத்தினார்கள். முதலில் கிராஸ்ஸானோ, பிறகு அலியானோ. அவரைப் பார்க்க அவருடைய அக்கா லூயிசா, அவரும் மருத்துவர், மத்தேரா வழியாக வந்தார். 1945ல் வெளியான லெவியின் ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ நூலில் மத்தேராவைப் பற்றி வருவது அக்கா கண்டு சொன்னதுதான். தாந்தேயின் நரகம் போல் புனல் வடிவத்தில் இறங்கும் தெருக்கள், கண்ணில் டிரக்கோமா கட்டிய குழந்தைகள். மலேரியா. பின்னால் ஓடிவரும் பிள்ளைகள் காசு கேட்கவில்லை, கொய்னா மாத்திரை கேட்டார்கள். எபோலி என்பது ரயிலும் சாலையும் வேறுபக்கம் திரும்பிவிடும் ஊர். அதற்கு இந்தப் பக்கம் கிறிஸ்துவே வரவில்லை, அதாவது எங்களை மனிதராகவே யாரும் எண்ணவில்லை என்பது இங்கத்துக் குடியானவர்களின் பேச்சு.

நூல் வந்ததும் ரோமுக்கு உறைத்தது. 1948ல் கம்யூனிஸ்டுத் தலைவர் தொல்யாத்தி வந்து பார்த்தார். ‘தேசிய அவமானம்’ என்ற தொடர் அவர் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1950ல் பிரதமர் தெ காஸ்பெரி வந்தார். 1952 மே மாதம் சட்டம் எண் 619: சாஸ்ஸியைக் காலி செய்து, மக்களைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றவேண்டும். அப்போது அங்கே இருந்தவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர், ஊரில் பாதி. அவர்கள் முழுவதும் வெளியேற 1960களின் கடைசி ஆனது. விட்டுப்போன குகைகள் அரசு உடைமை. திரும்பி வந்துவிடக்கூடாது என்று வாசல்களைக் கல்வைத்து அடைத்தார்கள்.

கவேயோஸோவின் படிக்கட்டு ஒன்றில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த ரொட்டியைத் தின்றுகொண்டே இதைப் பேசினோம். அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. “பொழைக்கற பிள்ளைங்க பொழைக்கணும். சட்டம் போட்டான், செஞ்சான். இதுல என்ன தப்பு?” கைக்குழந்தைகளின் சாவு விகிதம் நாட்டுச் சராசரியைப் போலப் பல மடங்கு இருந்த இடம் என்று நானேதான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்குப் பதில் இல்லை. ஆனால் வாயை மூடவும் முடியவில்லை. ஓடையை மூடாமல், தொட்டிகளைத் திரும்பத் தொட்டிகளாக்கி, பாதிப் பேரை மட்டும் மாற்றியிருந்தால்? குழாயை இங்கேயே கொண்டுவந்திருந்தால்? “அந்தப் பாதி யாருன்னு யாரு முடிவு பண்றது? நீயா?” என்றார்.

காலியான பிறகு நடந்தது வேடிக்கை. 1959ல் ‘லா ஸ்கலெத்தா’ என்று ஊர் இளைஞர்கள் ஒரு வட்டம் தொடங்கி, பள்ளத்தாக்கு முழுக்க ஏறி இறங்கி, பாறைக்கோயில்களைத் தேடி எழுதி 1966ல் நூலாகப் போட்டார்கள். ஆட்டுப்பட்டியாகக் கிடந்த ஒரு குகையில் ஆதாம் ஏவாள் ஓவியங்களைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். பசோலினி தன் மத்தேயு நற்செய்திப் படத்துக்கு இடம் தேடிப் பாலஸ்தீனம் போய், அது ரொம்ப நவீனமாகிவிட்டது என்று திரும்பி, 1964ல் மத்தேராவை எருசலேம் ஆக்கினார். 2004ல் மெல் கிப்சனும் அதையே செய்தார். கிறிஸ்து வராத நாட்டில் அவரை இரண்டு முறை சிலுவையில் அறைந்தாயிற்று. 1986ல் இன்னொரு சட்டம், எண் 771. இது நேர் எதிர்: சாஸ்ஸியைப் பாதுகாக்கவேண்டும், பழுதுபார்த்துக் குடியேற விரும்புகிறவர்களுக்கு அரசு உதவும். 1952ல் அவமானம். 1993ல் பாரம்பரியம். 2019ல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்று.

இப்போது குகைகளில் விடுதிகள். ஒன்றின் கதவு திறந்திருந்தது. துப்புரவுப் பெண்மணி சிரித்து, எட்டிப்பார்க்க விட்டார். வெள்ளைத் துணி விரித்த கட்டில், பாறைக்குழிகளில் மெழுகுவத்தி, ஆழத்தில், கழுதை நின்றிருக்கக்கூடிய இடத்தில், ஒரு குளியல்தொட்டி. ஓர் இரவுக்கு, எங்கள் பாரி அறையின் மூன்று மடங்கு வாடகை. அப்பா கவனமாக எல்லாவற்றையும் பார்த்தார். பிளம்பிங் எந்தப் பக்கமாக வருகிறது என்று குனிந்து தேடினார்.

“கக்கூஸ் வெச்சுட்டான்” என்றார்.

அங்கிருந்து நேராக ரயிலுக்குப் போயிருக்கலாம். பலாட்சோ லான்ஃபிராங்கியில் லெவியின் ‘லுக்கானியா 61’ என்ற ஓவியம், பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளம், பார்க்கவேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன். ஆனால் அப்பா, “அவங்களைக் கொண்டுபோய் வெச்ச இடம் எங்க?” என்றார். டாக்சி பிடித்தோம்.

லா மார்தெல்லா நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது. 1953 மே மாதம் தெ காஸ்பெரியே வந்து திறந்துவைத்தது. இதைப் பொறுப்பின்றிக் கட்டினார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த ஃபிரீட்மன் என்பவர், சாஸ்ஸி மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய ஒரு குழுவையே கூட்டினார். மானிடவியலாளர், மருத்துவர், உளவியலாளர் எல்லாம் அதில் இருந்தார்கள். பின்னணியில் இருந்தவர் தட்டச்சுப்பொறி முதலாளி அத்ரியானோ ஒலிவெட்டி. டிரான்சிஸ்டரில் இத்தாலியின் முதல் பெரிய கணினியை 1959ல் கொண்டுவந்ததும் அவருடைய நிறுவனம்தான் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அந்த ஆய்வு கண்டுகொண்ட முக்கியமான விஷயம் ‘விச்சினாத்தோ’. ஒரு முற்றத்தைச் சுற்றிச் சில குகைகள், நடுவில் தொட்டி, குழந்தையை யாரும் பார்த்துக்கொள்ளலாம், உப்பு யாரிடமும் வாங்கலாம், சண்டையும் அங்கேயே. ரொட்டிக்குப் பொது அடுப்பு. யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரத்தில் செதுக்கிய முத்திரை. லுதோவிக்கோ குவாரோனியும் அவருடைய நண்பர்களும் இந்த முற்றத்தைப் புதிய ஊரிலும் எப்படியாவது உண்டாக்கிவிடலாம் என்று முயன்றார்கள். வீடுகளைச் சிறு கொத்தாக, தெருவை வளைவாக வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டோடும் ஒட்டி ஒரு தொழுவம், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்.

அப்பா ஒரு வீட்டைச் சுற்றி வந்தார். கூரைச் சரிவைப் பார்த்தார், மழைநீர்க் குழாயைப் பார்த்தார். “நல்லா கட்டியிருக்காங்க. எங்களுக்கு இதுல கால்வாசி இடம் குடுக்கல.” பிறகு, “இங்கேர்ந்து வேலைக்குப் போறது எப்படி? நிலம் குடுத்தாங்களா?” குடுத்தார்கள், போதவில்லை. வீடு கட்டிய அமைப்பும் நிலம் பிரித்த அமைப்பும் ஒத்துப்போகவில்லை. விவசாயத்தை நம்பிக் கட்டிய ஊர், அடுத்த பத்தே வருடத்தில் இளைஞர்கள் வடக்கே ஆலைகளுக்கு ரயிலேறினார்கள். கழுதைத் தொழுவங்கள் கார் ஷெட் ஆயின.

தேவாலயத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. உள்ளே எண்பதைத் தொட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். கவேயோஸோவில் பிறந்தவர், இங்கே வரும்போது எட்டு வயது. முதல் இரவு, குழாயைத் திருகித் திருகிப் பார்த்ததற்கு அடி வாங்கினாராம். வீடு நல்ல வீடு, யார் குறை சொன்னாலும் நம்பாதே என்றார். அம்மா மட்டும் சாகும்வரை மாவு பிசைந்து முடித்ததும் வாசலுக்கு வந்து நின்று யாரையாவது கூப்பிடுவாளாம். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அங்கே இருந்தபோது அந்த நேரத்தில் பொது அடுப்புக்காரனின் ஆள் வந்து மாவை வாங்கிப்போவான்.

எங்களைப் பற்றிக் கேட்டார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நான் தட்டச்சிட்டேன்: என் அப்பாவும் பொறியாளர், ஏழைகளை மோசமான இடங்களிலிருந்து புது வீடுகளுக்கு மாற்றினார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். பிறகு கைபேசியை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். தமிழில் வந்தது: “நீங்களும் கதவுகளைக் கல்லால் அடைத்தீர்களா?”

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைன்னு சொல்லு” என்றார். நான் அடிக்கத் தொடங்கியதும், “இரு. இடிச்சுட்டோம்னு சொல்லு. அன்னைக்கே இடிச்சுட்டோம்.”

சொன்னேன். அவர் இரண்டு முறை வாசித்தார். எதுவும் சொல்லவில்லை. கல்லாவில் இருந்த பையனைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். எங்கள் இருவருக்கும் இன்னொரு காப்பி வந்தது. காசு வாங்கமாட்டேன் என்று பையன் கையை விரித்தான்.

ரயிலில் ஆல்தமுரா தாண்டும்வரை அப்பா பேசவில்லை. வெளியே இருட்டிவிட்டது. பிறகு, நான் கேட்காமலே, ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னார். நான் பிறப்பதற்கு முந்திய வருடம். புதுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி ஒதுக்கியிருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, “எஞ்சினியர் சார், வீடு நல்லாருக்கு. பக்கத்துல யாரு?” என்று கேட்டாளாம். பட்டியலைப் பார்க்கவேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார். மறுநாள் வேறு வேலை. அடுத்த மாதம் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

“பட்டியல் என் பையிலதான் இருந்துது” என்றார்.

பாரியில் இறங்கி, பழைய ஊர்ச் சந்துகள் வழியாக அறைக்கு நடந்தோம். இரவு ஒன்பது மணி. வாசல்தோறும் நாற்காலி, டிவி சத்தம், ஒரு பாட்டி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அம்மா விழித்திருந்தாள். பேத்தி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பாத்தீங்க அப்படி, இவ்வளவு நேரம்?”

“தண்ணித் தொட்டி” என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. “ஊருக்கு அடியில. ஐம்பது லட்சம் லிட்டர். உள்ள பூராவும் சுர்க்கி பூசியிருக்கான்.”